அம்மன் பக்கத்தில் அரை மீசை

பெறுநர்: குறைதீர் அலுவலர், இணைய விற்பனைப் பிரிவு

பொருள்: அர்த்தநாரீசுவரர் பொம்மையில் வண்ணம் பக்கம் மாறியிருப்பது குறித்து

ஐயா,

கொலுவுக்காக உங்களிடம் ரூ.4,850 செலுத்தி வாங்கிய இரண்டடிக் காகிதக்கூழ் பொம்மை கடந்த வியாழக்கிழமை வந்தது. உடைசல் இல்லை, கீறலும் இல்லை. வைக்கோல் திணித்துக் கட்டியவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். குறை வேறிடத்தில்.

திருச்செங்கோட்டு மலைக்கு ஆண்டுதோறும் போய்வருகிற குடும்பம் எங்களுடையது. திருமேனியில் வலப்பாதி சிவன், இடப்பாதி உமை என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். உங்கள் அச்சுக்கும் தெரிந்திருக்கிறது. வலப்பக்கம் சடை, பிறை, முழங்காலுக்கு மேலே நிற்கும் புலித்தோல். இடப்பக்கம் மார்பு, கணுக்கால்வரை சேலை மடிப்பு, கையில் குவளை மலர். வண்ணம் தீட்டும்போதுதான் எல்லாம் புரண்டிருக்கிறது. சடைப் பாதிக்குப் பச்சை, மார்பிருக்கும் பாதிக்குச் சிவப்பு. சேலை மடிப்பின்மேல் புலிக்கோடுகள். சிவன் தோளைச் சுற்றிய பாம்புக்குத் தங்க வண்ணம் பூசித் தோள்வளையாக்கிவிட்டார்கள். காலில் வெள்ளிக் கொலுசு வேறு. "பாட்டி, அம்மனுக்கு ஏன் மீசை?" என்று பேத்தி கேட்ட பிறகுதான் உதட்டைப் பார்த்தேன். இடப்பாதியில், கச்சிதமாக ஓர் அரை மீசை.

மின்னஞ்சல் அனுப்பினேன். "படத்துக்கும் பொருளுக்கும் நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம்" என்று பதில் வந்தது. சிவப்பு வெளிறிக் காவியாக வந்திருந்தால் எழுதியே இருக்கமாட்டேன். வடநாட்டுப் படங்களில் வருவதுபோல நீலச் சிவனாக இருந்தாலும் படியில் வைத்திருப்பேன். தொலைபேசியில் பேசிய தம்பியோ, வலது இடது என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்றார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மீசை அம்மனுக்குத்தான் இருக்கிறது.

அடுத்த முறைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி எனக்கு வேண்டாம். வீட்டிலேயே திருத்திக்கொள்ளவும் முடியாது. பொம்மைக்குக் கண் எழுதுவது கடைசி வேலை. அதன்மேல் இன்னொரு பூச்சு ஏறினால் முகமே போய்விடும்.

நவராத்திரி நெருக்கடியில் தூரிகை பிடித்தவர் கை தவறியிருக்கலாம். அவர் கூலியில் கை வைக்காதீர்கள். பீடத்தின் அடியில் "தரம் பார்க்கப்பட்டது" என்று ஒட்டியிருக்கிறதே, பார்த்தவர் எதைப் பார்த்தார் என்பதுதான் என் கேள்வி.

மகாளய அமாவாசையன்று நாங்கள் படி கட்டுவோம். அதற்குள் சரியான பொம்மை வரவேண்டும்; அனுப்புமுன் முகத்தைப் படமெடுத்து எனக்குக் காட்டுங்கள். முடியாதென்றால் அனுப்பும் கட்டணத்தோடு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்ததென்று ஒப்புகை தரவேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பேன்.

பொம்மை அதே பெட்டியில், அதே வைக்கோலுக்குள் இருக்கிறது. எடுத்துச்செல்ல வருபவரைக் காலை 11 மணிக்குள் அனுப்புங்கள். பிற்பகலில் நான் உறங்குவேன்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்