தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும்

அன்பிற்குரிய பங்கு மக்களே, அக்கம்பக்கத்தாரே,

சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடந்த என் கணவர், இப்போது கைத்தாங்கலாக எழுந்து உட்காருகிறார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல அவரை விட்டு நகர முடியாததால் இந்த மடல்.

முதல் நன்றி உபதேசியார் ஐயாவுக்கு. யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டவரிடம், அறிவுரை எதுவும் சொல்லாமல், கிறித்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயத்தின் கதையைச் சொன்னார். எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தது, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது எல்லாம் நாங்கள் சிறுவயது முதல் கேட்டவைதான். ஐயா தொடங்கியதோ அதற்கெல்லாம் முன்பிருந்து. மாடுகள் மடிந்து, விளைச்சல் பொய்த்து, நீலகண்டன் என்ற அரண்மனை அலுவலராக அவர் மனமுடைந்திருந்த நாட்களில், டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளைவிட்டு விலகாத விவிலிய யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சு வளர்ந்துதான் 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அத்தனை வதையையும் தாங்கிய விசுவாசம், நொந்துபோனவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசியதில் முளைத்திருக்கிறது! அன்று இரவு என் கணவர் தாமாகவே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கச் செபக்குழு) அக்காமார் செபமாலை சொல்ல வந்து, சோறும் வடித்து வைத்துவிட்டுத்தான் போனீர்கள். அவரோடு வேலை பார்த்த கொத்தனார்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினீர்கள். இடுப்பில் தோல் சிவந்திருப்பதை முதலில் கவனித்தவர் செவிலியர் தங்கை. அது புண்ணாவதற்குள் வின்சென்ட் தே பவுல் சபையினர் காற்று மெத்தை கொண்டுவந்து விரித்தார்கள்.

எதிர்வீட்டு அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வேன்? இரவில் என் கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க நான் கூப்பிடும் முன்பே வாசலில் நிற்பார். அவர் எங்கள் மதத்தவர் அல்லர். ஆனாலும் கோட்டாற்றுப் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை முன் எங்களுக்காக மெழுகுதிரி ஏற்றியதை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். அழுதுவிட்டேன் அண்ணா.

புனிதரின் திருநாளன்று, ஜனவரி 14 காலைத் திருப்பலியை உங்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கிறோம். தவறாமல் வாருங்கள். காற்று மெத்தையைக் கழுவிக் காயவைத்துச் சபையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம்; படுக்கையில் இருப்பவர் யாருக்கேனும் தேவையென்றால் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி