பார்க்க ஒன்றுமில்லையா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் நெதர்லாந்துப் பயணக் கட்டுரையில் ஹூக் ஆஃப் ஹாலந்து என்ற துறைமுக ஊருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. கப்பலைவிட்டு இறங்கினால் பார்க்க ஒன்றுமில்லையாம், உடனே ஆம்ஸ்டர்டாம் ரயிலைப் பிடித்துவிட வேண்டுமாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

முதலில், அந்த ரயிலே இப்போது கிடையாது. ஹூக்குக்குப் போகும் ரயில் சேவையையே 2017-ல் நிறுத்திவிட்டார்கள். 2019 முதல் அங்கே ஓடுவது ரோட்டர்டாம் மெட்ரோ. இங்கிலாந்தின் ஹாரிச்சில் ராத்திரி கப்பலேறினால் காலையில் ஹூக்கில் இறங்கி, துறைமுகத்தை ஒட்டியே மெட்ரோ ஏறலாம். கட்டுரையாளர் அங்கே இறங்கியிருந்தால் இது தெரியாமல் போயிருக்காது.

அதே மெட்ரோவில் கொஞ்ச தூரம் போனால் மாஸ்லௌஸ். கடலையும் ரோட்டர்டாமையும் இணைக்க 1872-ல் திறந்த கால்வாய் ஊரை ஒட்டியே போகிறது. கரை பெஞ்சில் உட்கார்ந்தால் டேங்கரும் இழுவைப் படகும் கண்ணெதிரே போகும். வழியில் மாஸ்லாந்து வெள்ளத்தடுப்பு இருக்கிறது. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள். புயல் வந்தால் 360 மீட்டர் அகலக் கால்வாயையே மூடிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

ஆம்ஸ்டர்டாம்தான் போக வேண்டும் என்றாலும் சரி. இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து வரும் பயணிகள் கப்பல் போய்ச் சேரும் ஐமுடனில், 2022-ல் திறந்த 500 மீட்டர் நீள மதகு இருக்கிறது; கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, நீர்மட்டத்தைச் சரிசெய்து மறுபக்கம் அனுப்பும் மதகு. உலகத்திலேயே பெரிய கடல் மதகு. ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் பெரிய கப்பல்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டுரையில் அதற்கு அரை வரிகூட இல்லை. துலிப் தோட்டத்துக்கு இரண்டு பக்கம்.

இது இன்றைக்கு நேற்று வந்த வருத்தம் இல்லை. 2021-ல் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கியபோது அட்டைப்படமே போட்டீர்கள். அது ரோட்டர்டாமுக்குப் புறப்பட்ட கப்பல். ஜூலை கடைசியில் ஒருவழியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒரு துணுக்குகூட வரவில்லை. அப்போதே எழுதினேன். கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். கப்பல் தரைதட்டினால்தான் செய்தியா? அதில் வேலை செய்கிறவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

என் தம்பி தூத்துக்குடிக்காரன், டேங்கரில் டெக் வேலை. முன்பெல்லாம் துறைமுகத்தில் நாள்கணக்கில் நிற்பார்கள், ஊர் சுற்றுவார்கள். இப்போது சரக்கை இறக்கியதும் கிளம்பிவிட வேண்டியதுதான். போன வருஷம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போகிறான் என்று தெரிந்ததும் நான் ரோட்டர்டாமிலிருந்து ரயிலேறி, கடைசி ஸ்டேஷனான விலிசிங்கனுக்குப் போனேன். ஆன்ட்வெர்ப் கப்பல்கள் அங்கே கரைக்கு மிக அருகில் போகும். கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட்களில் கடல் பைலட் இறங்கி ஆற்று பைலட் ஏறுவதும் அங்கேதான். கடற்கரை நடைபாதையில் பைனாகுலரோடு நின்றேன். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணி தொங்கியது, சின்னப் படகு வந்து ஒட்டியது. ஏணியின் தலைமாட்டில் ஆரஞ்சு உடுப்பில் இரண்டு பேர். பைலட் ஏறி முடித்ததும் அதில் ஒருவன் கரைப்பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். என் தம்பிதான். ஒன்றரை வருஷம் கழித்து அன்றுதான் அவனைப் பார்த்தேன். அந்தத் துறைமுகங்களைப் பற்றித்தான் உங்கள் பத்திரிகை பார்க்க ஒன்றுமில்லை என்கிறது.

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, ஐயா. அந்த ரயில் வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். கோடை விடுமுறைக்கு அதை நம்பிப் பெட்டியும் பிள்ளைகளுமாகப் போய் இறங்குகிறவர்கள் இருப்பார்கள். இடமிருந்தால் மாஸ்லௌஸ், விலிசிங்கன் என்று இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
இப்ஸ்விச், இங்கிலாந்து