பிரிண்டர் இருக்கட்டும், பழைய தரநிலைகளும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகப் பொறியியல் நூலகங்கள் எப்படி மாறிவருகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பரிமாண பிரிண்டர், இரவல் தரும் ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி), குழுவாக உட்கார்ந்து பேச அறை என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் ஆசையாகச் சொல்லியிருந்தார். எனக்கு அவற்றில் எதன்மீதும் குறையில்லை. மல்டிமீட்டரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நூலகம் நல்ல நூலகம்தான். ஆனால் கையேடுகளும், பொருள்களை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று விதிக்கும் தரநிலைகளும் இணையத்திலேயே கிடைப்பதால் அந்த அலமாரிகளை எடுத்துவிடலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டார். இயந்திரப் பொறியியல் பாடம் நடத்தியவன் என்பதால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். "6061 அலுமினியம், யீல்டு வலிமை 276 மெகாபாஸ்கல்" என்று இருக்கும். யீல்டு வலிமை என்றால், எந்த அளவு அழுத்தத்தில் உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் என்பது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், தேடியதும் முதலில் வந்தது என்பார்கள். எண் தப்பில்லை. ஆனால் அது டி6 என்ற வெப்பப் பதப்படுத்தலுக்குப் பிறகு கிடைக்கும் வலிமை. அதே உலோகக் கலவை அனீல் செய்த, அதாவது சூடாக்கி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்கிய நிலையில் 55 மெகாபாஸ்கலை ஒட்டித்தான் நிற்கும். ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம்! டி6 தகட்டையே வாங்கி வெல்டிங் செய்தாலும், வெல்டை ஒட்டிய பகுதியில் வலிமை நன்றாக இறங்கிவிடும். தேடலில் முதலில் வரும் வரி இதையெல்லாம் சொல்லாது. நல்ல கையேட்டின் அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே பதநிலை, தடிமன், வெப்பநிலை எல்லாம் இருக்கும், கீழே அடிக்குறிப்பும் இருக்கும். அது அச்சுப் புத்தகமா, நூலகச் சந்தாவில் வரும் மின்கையேடா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும்.

தரநிலைகள் கதை இன்னும் மோசம். ஐஎஸ்ஓ, ஏஎஸ்டிஎம் போன்ற அமைப்புகளின் தரநிலைகளில் பெரும்பாலானவை விலைக்குத்தான் கிடைக்கும். சில பக்க ஆவணத்துக்குக்கூட ஒரு மாணவர் கையைக் கடிக்கும் விலை இருக்கும். அதனால் அதைப் பார்க்காமலேயே வரைபடம் போடுகிறார்கள். அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதைச் சொல்லும் குறியீடுகளை, துளைக்கு எச்7, அதில் நுழையும் ஷாஃப்டுக்கு (தண்டுக்கு) ஜி6 என்று மூத்த மாணவரின் வரைபடத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். 25 மில்லிமீட்டர் விட்டத்தில் அதன் பொருள் என்ன? துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம், ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. ஆக, இடைவெளி 7 மைக்ரானாகவும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும், 41 மைக்ரானாகவும் இருக்கும். இந்த அளவுகளைத் தரும் ஐஎஸ்ஓ 286 தரநிலையின் அட்டவணையைத் திறந்து ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு, லேத் மெஷினில் நிற்பவர் ஏன் முறைக்கிறார் என்பதும் புரிந்துவிடும்.

அப்புறம் பழைய பதிப்புகள். தர மேலாண்மைக்கான தரநிலையை ஐஎஸ்ஓ 9001:2015 என்று எழுதும்போது கடைசியில் வரும் 2015 அலங்காரத்துக்கு இல்லை. தரநிலைகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை. எந்தப் பதிப்பு என்பதை அந்த ஆண்டுதான் சொல்கிறது. ஒரு பாலத்தையோ அழுத்தக் கலனையோ பல்லாண்டுகள் கழித்துச் சோதிக்கிறவருக்கு, இன்றைய விதி மட்டும் போதாது. அதை வடிவமைத்தவர் எந்த விதியின்படி கணக்குப் போட்டார், என்ன பாதுகாப்புக் காரணியை (தேவையைவிட எத்தனை மடங்கு வலிமை என்பதை) எடுத்துக்கொண்டார் என்று தெரிய வேண்டும். பல இணையச் சந்தாக்களில் நடப்புப் பதிப்பு மட்டுமே வரும். சந்தா நின்றால் அதுவும் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் இடநெருக்கடியைச் சொல்லிப் பழைய தொகுதிகளை எடைக்குப் போட்டார்கள். காலாவதியானவை என்று பட்டியலில் குறித்திருந்தார்களாம். அந்தத் தொகுதிகளை நம்பிக் கட்டியவை இன்னும் நின்றுகொண்டிருக்கின்றனவே!

நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாண்டு முதல் வாரத்தில் புதிய மாணவர்களைக் கூட்டமாக அழைத்துப் போய் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். அப்போது அவர்களிடம் கேள்வியே இருக்காது. எனவே எதுவும் மனதில் தங்காது. அதே ஒரு மணி நேரத்தை, வடிவமைப்புப் பாடத்தில் புராஜெக்ட் தலைப்பு கொடுத்த வாரத்தில் வகுப்புக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். நூலகரை விட மாட்டார்கள்.

காப்புரிமைத் தேடல் பயிலரங்குக்கு இது இன்னும் பொருந்தும். விண்ணப்பம் போட்டுப் பொதுவாக 18 மாதத்தில் காப்புரிமை ஆவணம் வெளியாகிவிடும். காப்புரிமைப் பாதுகாப்பு, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுதான். அதன்பிறகு அந்த உத்தியை யாரும் பயன்படுத்தலாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் 14 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் சாதாரணச் சொல்லைப் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். உரிமையின் எல்லையை அகலமாக்க, பந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கோள வடிவ உறுப்பு" என்று எழுதுகிற உலகம் அது. காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டுக் குறியீட்டைப் பிடித்துப் போக வேண்டும். பல்சக்கரப் பரிமாற்றம் என்றால் எஃப்16எச், கிளட்சும் பிரேக்கும் என்றால் எஃப்16டி. தானாகக் கற்றால் நாள் கணக்கில் ஆகும் இதை, விவரம் தெரிந்த நூலகர் ஒரே அமர்வில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

ஜொட்டேரோ போன்ற மேற்கோள் மென்பொருள்களைக் கற்றுத்தருவதும் சரிதான். ஆனால் இன்று அதைவிட அவசரம் வேறு. செயற்கை நுண்ணறிவு தந்த மேற்கோளை எடுத்துக்கொண்டு கட்டுரையைத் தேடி நூலக மேசைக்கு வருகிறார்கள், அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. டிஓஐ எண்ணை, அதாவது ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரப்படும் தனி அடையாள எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை முதலாண்டிலேயே கொண்டுவந்தால் நல்லது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்து இந்தத் தலைப்பில் எழுதும்போது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணி நேரம் பிரிண்டர் ஓடியது என்ற கணக்கோடு நிறுத்த வேண்டாம். தேர்வுக்கு முந்தைய வாரத்தை விட்டுவிட்டு, புராஜெக்ட் நடக்கும் ஒரு நாளில் உங்கள் செய்தியாளர் நூலகரின் மேசைக்குப் பக்கத்தில் உட்காரட்டும். மாணவர்கள் என்ன கேட்டார்கள், எதற்கு விடை கிடைத்தது, எது அந்த நூலகத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது என்பதை எழுதுங்கள். எந்த அலமாரியை எடுக்கலாம் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியியல் ஆசிரியர் ஒருவர்