கிராஸ் துணியும் ஐந்து நாற்காலிகளும்

அன்புள்ள மல்லி,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டுவதற்குள் நானே என்னைத் திட்டிக்கொண்டுவிட்டேன். உனக்கு அந்த வேலை மிச்சம். இங்கே எல்லோரும் சுகம். என் கழுத்துவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, விட்டுப் போகிற உத்தேசம் இல்லை. உன் மாமியார் இன்னும் அந்த ஊதாச் சுடிதாரைப் பற்றிப் பேசுகிறாரா? பேசினால், நான் தைக்கவில்லை என்று அடித்துச் சொல்லிவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தையல்கடைச் சின்னக்குட்டிக்கு டிசைன் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. படம் வரையச் சொன்னார்களாம். இவள் வரைந்த பெண்ணுக்கு ஒரு கை முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "படமே வராத உனக்கு டிசைன் எப்படிம்மா வரும்?" என்று நேர்முகத்தில் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவள் ஒன்றும் பேசாமல் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. துணியைத் தொட்டதும் அது எந்தப் பக்கம் இழுத்தால் கொடுக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அதற்கு யார் பரீட்சை வைக்கிறார்கள்?

அந்தக் கோபத்தில் தேடித் தேடி ஒருத்தியைக் கண்டுபிடித்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரி, மாடலீன் வியோனே. 1876இல் பிறந்தவர். ஏழை வீடு. பள்ளிக்கூடத்தை விட்டுத் தையலுக்கு வந்தபோது வயது பதினொன்றோ பன்னிரண்டோ. பதினெட்டில் கல்யாணம், ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்துபோனது, புருஷனையும் விட்டுவிட்டார். லண்டனுக்குப் போய் ஒரு மருத்துவமனையில் தையல் வேலை. அங்கிருந்து பாரிசுக்குத் திரும்பிப் பெரிய பெரிய தையலகங்களில் வேலை. இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், அந்த அம்மா வாழ்ந்தது எவ்வளவு நீளமோ.

1907இல் ஒரு பேர்பெற்ற கடையில் சேர்ந்ததும் செய்த முதல் கலாட்டா: இடுப்பை இறுக்கும் கோர்செட் வேண்டாம், உடையைப் போட்டுக் காட்டும் பெண்கள் வெறுங்காலோடு வரட்டும் என்றார். மற்ற பெண்கள் மூச்சு முட்ட நாடா கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது! அங்கிருந்த விற்பனைப் பெண்களுக்கே பிடிக்கவில்லையாம். 1912இல் சொந்தக் கடை. இரண்டே வருஷத்தில் போர் வந்து மூட வைத்தது. முடிந்ததும் மறுபடி திறந்தார்.

இப்போது நான் சொல்ல வந்தது. நாம் கிராஸ் துணியை எதற்கு வெட்டுவோம்? கழுத்துப் பட்டிக்கு, பைப்பிங்குக்கு. மிஞ்சினால் கிராஸ் கட் பிளவுஸ். அந்தக் காலத்து பாரிசிலும் பெரும்பாலும் ஓரத்துக்கும் காலருக்கும்தான். இந்த அம்மா முழு கவுனையே கிராஸில் வெட்டினார், மல்லி! பாவு நூல் ஓடும் நீளவாட்டிலும் இல்லை, ஊடை நூல் ஓடும் குறுக்குவாட்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் 45 பாகையில். ஒரு கர்ச்சீப்பை எதிரெதிர் மூலையில் பிடித்து இழுத்துப் பார், ரப்பர் மாதிரி கொடுக்கும். நூல் நீளவில்லை. கட்டம் கட்டமாக இருந்த நெசவு சாய்ந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். அப்படி வெட்டிய துணி உடம்பைச் சுற்றித் தானாகவே படிகிறது. உடம்பு வளைவுக்காக மடித்துத் தைக்கும் டார்ட் குறைகிறது, ஊக்கு குறைகிறது, தலைவழியே போட்டுக்கொண்டு போய்விடலாம். நமக்கெல்லாம் இது தெரிந்ததுதான். தெரிந்ததை வைத்துக்கொண்டு பட்டியோடு நின்றுவிட்டோமே, அதைச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் தாளில் வரைந்து ஆரம்பிக்கிறவர் இல்லை. ஒரு சின்ன மரப்பொம்மை, அதன்மேல் துணியைச் சுற்றி, குத்தி, பிரித்து, மறுபடி சுற்றி. சரியாக வந்தபின்தான் பெரிய அளவுக்குப் போவார். நாலு சதுரத் துண்டுகளை மூலை கீழே தொங்கும்படி வைத்து ஒரு உடை. நாலே சதுரம்! கிராஸில் வெட்டினால் துணி தின்னும் என்பது உனக்குத் தெரியும், அதற்காக வழக்கத்தைவிட அகலமாக நெய்யச் சொல்லி வாங்கியிருக்கிறார்.

"ஒரு பெண் சிரித்தால் அவள் உடையும் கூடச் சிரிக்க வேண்டும்" என்பாராம். என் கஸ்டமர்கள் சிரித்தால் ஊக்குதான் தெறிக்கிறது.

தன் டிசைனைக் காப்பியடிப்பவர்களைத் தடுக்க அவர் செய்ததைக் கேள். ஒவ்வொரு உடையையும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று படமெடுத்து ஆல்பத்தில் ஒட்டி வைத்தார். லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையையே பதித்தார். நாம் அந்தக் கழுத்து டிசைனுக்கு இப்படி ஏதாவது செய்திருந்தால்!

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் சின்னக்குட்டியிடம் கதை கதையாகச் சொன்னேன். படம் வரையாமலே ஒருத்தி பாரிசை ஆண்டிருக்கிறாள் பார் என்று ஆறுதலுக்காகத்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கடைசிப் பகுதிக்கு வந்தேன். 1923இல் பெரிய இடத்துக்குப் போனபின், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள், அவர்களுக்கு டாக்டர், பல் டாக்டர், சாப்பாட்டுக் கூடம், சம்பளத்தோடு விடுமுறை, முக்காலிக்குப் பதிலாக முதுகு சாயும் நாற்காலி. தான் சிறுவயதில் முக்காலியில் உட்கார்ந்து தைத்ததை அவர் மறக்கவில்லை.

"நாற்காலியா அக்கா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோக்கக் குனிந்துவிட்டாள்.

மல்லி, மூன்றாவது மெஷினில் உட்கார்ந்தாளே, அவள் கல்யாணத்துக்காக நின்றுவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் எழுதினேன். பொய். முதுகு போய்த்தான் நின்றாள். என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். தீபாவளி முடியட்டும் பார்க்கலாம் என்றேன். நான் மட்டும் அத்தனை வருஷமும் குஷன் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து வெட்டினேன்.

ஐந்து நாற்காலி வாங்கிவிட்டேன். பழசுதான், ஒன்று ஆடுகிறது, அதை நான் எடுத்துக்கொண்டேன். நல்லவள் ஆகிவிட்டேன் என்று சொல்லவில்லை, நீ உடனே கிண்டல் பண்ணாதே. அவள் வீட்டுக்கு ஒரு தரம் போக வேண்டும், கூட நீ வந்தால் தைரியமாக இருக்கும். எப்போது வருகிறாய்?

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. வியோனே 1939இல், அறுபத்துமூன்று வயதில், கடையை மூடிவிட்டார். அதன்பிறகு 1975 வரை இருந்தார். முப்பத்தாறு வருஷம்! 1952இல் 122 உடைகளையும் அந்த ஆல்பங்களையும் பிற்காலத்துக்காகக் கொடுத்துவிட்டார். நான் மூடினால் கொடுக்க என்ன இருக்கிறது? கஸ்டமர் வாங்காமல் விட்டுப்போன பதினேழு பிளவுஸ். அதில் ஒன்று உன்னுடையது.

சின்னக்குட்டி இப்போது ஒரு பழைய பொம்மையைப் பிடித்துவைத்துக்கொண்டு தினமும் துணி சுற்றுகிறாள். அடுத்த வருஷம் பரீட்சை எழுதச் சொன்னால் பார்க்கலாம் என்கிறாள். போன வாரம் அவளே கிராஸில் ஒரு கவுன் வெட்டி ஹேங்கரில் தொங்கவிட்டாள். மறுநாள் பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு இஞ்ச் இறங்கியிருந்தது. ஓரம் அடித்துவிடலாம் வா என்றேன். "இருங்க அக்கா, அது இன்னும் இறங்கி முடிக்கல" என்றாள். இன்றோடு நாலு நாள். கவுன் தொங்குகிறது, நானும் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வரும்போது என் பெரிய கத்தரியை எடுத்து வா. உன்னிடம் இல்லை என்று இந்த முறையும் சொல்லாதே.

உன்
இந்திரா