அந்தக் கொட்டிலின் கதவைத் திறந்துவிடுங்கள்

சிறுவர் படங்களைத் திரையிடும் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் திரையிட்ட ‘ஓல்ட் யெல்லர்’ படத்துக்கு என் எட்டு வயது மகளை அழைத்து வந்திருந்தேன். ஓநாயோடு சண்டை முடிகிறது, நாயைச் சோளக் கொட்டிலில் அடைக்கிறார்கள். அவ்வளவுதான், திரை இருண்டு விளக்குகள் எரிந்தன. “மீதியைப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்” என்று உங்களில் ஒருவர் வாசலில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடு போய்ச் சேரும்வரை என் மகள் கேட்டது ஒரே கேள்வி: “அந்தக் கதவை எப்போது திறந்தார்கள், அப்பா?”

ராபர்ட் ஸ்டீவன்சன் இயக்கத்தில் 1957-இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட படம் இது. ஃப்ரெட் கிப்சனின் நாவல் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. கதை நடப்பது 1860-களின் டெக்சாஸில். மாடுகளை ஓட்டிக்கொண்டு அப்பா தொலைதூரம் போய்விட, குடும்பப் பொறுப்பு டிராவிஸ் என்ற சிறுவன் தலையில் விழுகிறது. இறைச்சி திருடும் அந்த மஞ்சள் நாயை முதலில் அவனுக்குக் கட்டோடு பிடிக்காது. தம்பி ஆர்லிஸைக் கரடியிடமிருந்து அது காப்பாற்றிய பிறகுதான் மனம் இளகுகிறது.

நாயைக் கடித்த அந்த ஓநாய்க்கு வெறிநோய். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் அந்த நோய்க்கான தம் தடுப்பூசியை முதன்முதலாக ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போட்டது 1885-இல். டிராவிஸின் காலத்துக்கு அது எட்டவில்லை. நோய் வருமா வராதா என்று அடைத்து வைத்துப் பார்ப்பதைத் தவிர அந்த வீட்டாருக்கு வேறு வழி கிடையாது. நாய் உறுமத் தொடங்கிவிட்டது. அதை அறியாத ஆர்லிஸ் கொட்டிலின் கதவைத் திறக்கப் போகிறான். டிராவிஸ் ஏன் துப்பாக்கியை எடுக்கிறான் என்பது எந்தப் பிள்ளைக்கும் அந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடும். நீங்கள் வெட்டியதில் அதுவும் போய்விட்டது. விளைவு? தம்மைக் காப்பாற்றிய நாயை அந்த வீட்டார் அடைத்துப்போட்டு மறந்துவிட்டார்கள் என்று என் மகள் நம்பினாள். சாவைவிட இது கொடுமையாகத் தெரிகிறது எனக்கு.

மூன்றாம் நாள் வீட்டில் முழுப் படத்தையும் போட்டேன். அழுதாள், தலையணை உறை நனைந்தது. பிறகு அப்பா திரும்பி வந்து மகனோடு பேசும் இடத்தில் எழுந்து உட்கார்ந்தாள். முன்பு டிராவிஸ் வேண்டாமென்று ஒதுக்கிய நாய்க்குட்டி, தன் தகப்பனான அந்த மஞ்சள் நாயைப் போலவே திருட ஆரம்பித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

ஆகவே, அடுத்த முறை முழுதாகத் திரையிடுங்கள். நாய் இறந்துவிடும் என்று பெற்றோரிடம் டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்; வேண்டாம் என்பவர்கள் வர மாட்டார்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் 1943-இல் வந்த ‘லாஸி கம் ஹோம்’ இருக்கவே இருக்கிறது, அதில் நாய் வீடு வந்து சேர்ந்துவிடும். பாதிப் படம் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. படம் முடிந்த கையோடு விளக்குகளைப் போட்டுவிடாதீர்கள். முகத்தைத் துடைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் வேண்டும், எனக்கும்தான்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தகப்பன்