துப்பறியும் கதை எழுதும் பெண்கள்: எங்கள் வட்டத்தின் 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களான சகோதரிகளுக்கும் வணக்கம்.

மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நூலக மாடி அறையில் கூடினோம். மழை காரணமாக டிசம்பர் கூட்டம் மட்டும் நடைபெறவில்லை.

இந்த ஆண்டு நம்மிடம் அதிக வேலை வாங்கியது புதிய குற்றவியல் சட்டங்கள்தாம். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கான பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 அல்ல, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. சந்தேக மரணம் என்று முதலில் பதியும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194. எழுதி முடித்த நாவல்களைக்கூட மறுபடி திறக்க வேண்டியிருந்தது. ஒரு சகோதரியின் கதையில் கொலை நடப்பது ஜூன் கடைசியில். கிணற்றில் உடல் கிடைப்பது ஜூலையில். எந்தச் சட்டம்? இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. நமக்காக வந்த வழக்கறிஞர் விளக்கினார்: குற்றம் நடந்த நாள் பழைய சட்டத்தின் காலம் என்பதால் தண்டனைப் பிரிவு 302தான், ஆனால் வழக்குப் பதிவும் விசாரணையும் புதிய நடைமுறைப்படி. ஆகவே கதையின் ஆய்வாளர் 194இல் தொடங்கி 302க்கு மாற்றுகிறார். அந்த ஒரு வரிக்காக அத்தியாயத்தையே திருப்பி எழுதிய சகோதரியை இந்த அவையில் பாராட்டுகிறேன்.

வழக்கறிஞர் சொன்ன இன்னும் இரண்டு செய்திகள் நம் எழுத்துக்கு நேரடியாகப் பயன்பட்டன. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. பெண் சாட்சியை, அவரே விரும்பினாலன்றி, காவல் நிலையத்துக்கு அழைக்க முடியாது. அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வரவேண்டும். மாமியாரும் நாத்தனாரும் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, ஒரு மருமகள் வாக்குமூலம் தருகிறாள் என்றால், அந்தக் காட்சியை நம்மைவிட நன்றாக யார் எழுத முடியும்?

ஓய்வுபெற்ற செவிலியரான உறுப்பினர், விஷம் உள்ளே போனதும் அடுத்த நொடியே சாயும் பாத்திரங்களை எல்லாருடைய பிரதியிலும் சிவப்பு மையால் சுழித்துத் தந்தார். விஷத்தை ஆராயும் இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களான நாம் இதில் தவறு செய்யலாகாது என்பதே அவர் வாதம். நானும் அதே கட்சி.

வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய 1925இன் நூற்றாண்டை ஒட்டி ஒரு கூட்டம் நடத்தினோம். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய அவர், தம் முதல் படைப்பைச் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள்தான் எழுதினார். அன்று முதல், கை நடுக்கத்தால் எழுத முடியாத நம் மூத்த உறுப்பினருக்கு இருவர் முறை வைத்து எழுதித் தருகிறார்கள். நாவல் பாதி வந்துவிட்டது. கொலையாளி யார் என்று எழுதுகிறவர்களுக்கே இன்னும் சொல்லவில்லை.

ஒரு மனவருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிப்பாளர் ஒருவர் நம் உறுப்பினரிடம், "கிரைம் நாவலில் பெண் பெயர் விற்காது, உங்கள் கணவர் பெயரில் போடலாம்" என்றிருக்கிறார். ரங்கராஜன் தம் மனைவி பெயரான சுஜாதாவிலும், ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை என்ற பெயரிலும் எழுதியதை இந்த நாட்டு வாசகர்கள் வாங்கித் தள்ளவில்லையா? உறுப்பினர் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வட்டம் அவருடன் நிற்கிறது.

அமெரிக்காவில் 1986இல் துப்பறியும் நாவலாசிரியர் சாரா பரெட்ஸ்கி முன்னின்று தொடங்கிய 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' அமைப்பினர், பத்திரிகைகளில் பெண்களின் நூல்களுக்கு எத்தனை மதிப்புரை வருகிறது என்று எண்ணிக் காட்டினார்கள். நாமும் கடைகளுக்கு வரும் மாத நாவல்களில் பெண்கள் எழுதியவற்றைக் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த அறிக்கையில் முழு விவரம் வரும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா உயர்த்தப்படவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவோர் கதையின் கடைசி அத்தியாயத்தைத் தனியே ஒட்டிய உறையில் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் ஊகித்த பிறகே உறை பிரிக்கப்படும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்