ஆபத்துக் குரலுக்குச் சந்தா கேட்காதீர்கள்: பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியத்தின் பொறுப்பாளர்களுக்கும், 2027-இல் ஷாங்காயில் கூடவிருக்கும் உலக ரேடியோ தொடர்பு மாநாட்டின் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

கைபேசியும் செயற்கைக்கோளும் நேரடியாகப் பேசிக்கொள்ள எந்த அலைவரிசைகளை ஒதுக்கலாம் என்பது உங்கள் நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. அதன் நுட்பச் சிக்கல்கள் நீங்கள் அறிந்தவை. நான் கேட்பது ஒன்றுதான்: ஆபத்தில் இருப்பவர் அனுப்பும் செய்தியை, அவரிடம் எந்த நிறுவனத்தின் இணைப்பு இருந்தாலும், அதை ஏற்கும் திறனுள்ள எந்தச் செயற்கைக்கோளும் கட்டணமின்றி ஏற்க வேண்டும்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன சிறு படகை நினைத்துப் பாருங்கள். பன்னாட்டுப் பயணம் செல்லும், 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கு ஆபத்துத் தொடர்புக் கருவிகள் கட்டாயம். சிறு படகுக்கு அந்த விதி பொருந்தாது. அதில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் கைபேசி மட்டுமே இருக்கும். கரையிலுள்ள கோபுரத்தின் சிக்னல் அதற்கு எட்டாது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. சாதாரணக் கைபேசியின் மெலிந்த சிக்னலைப் பிடிக்கக்கூடியவையும் அவற்றில் உண்டு. இருந்தும், கைபேசி அதற்கேற்ற மாடல் இல்லை, அந்த நாட்டில் சேவை இல்லை, சந்தா கட்டவில்லை என்ற காரணங்களால் அவர்களின் குரல் கடலோடு நின்றுவிடுகிறது. இதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நடைமுறைக்கு ஒவ்வாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1979-இல், பனிப்போரின் நடுவே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் சேர்ந்து காஸ்பாஸ்-சார்சாட் என்ற செயற்கைக்கோள் வழித் தேடல்-மீட்புத் திட்டத்தைத் தொடங்கின. 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக் கருவி அனுப்பும் சிக்னலை அது 1982 முதல் கட்டணமின்றி மீட்புப் படையினரிடம் சேர்க்கிறது. ஏவுகணைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்தவர்களுக்கே இயன்றது, வாடிக்கையாளருக்காகப் போட்டியிடும் நிறுவனங்களுக்கு ஏன் இயலாது?

அலைவரிசைகளும் சுற்றுப்பாதைகளும் வரம்புள்ள இயற்கை வளங்கள் என்று உங்கள் அமைப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் முதலில் பதிவு செய்பவருக்கே முன்னுரிமை என்ற நடைமுறையில், பணமும் ராக்கெட்டும் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களோடு தாழ்வான சுற்றுப்பாதைகளை நிரப்புகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான வானத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் மீது ஒரு கடமையும் சுமத்தப்பட வேண்டாமா?

கட்டணமும் உரிமமும் அந்தந்த நாட்டு அரசின் அதிகாரம் என்பது தெரியும். ஆகவே, ஆபத்துச் செய்திகளை இலவசமாக ஏற்பதை உரிமத்தின் நிபந்தனையாக்குமாறு உறுப்பு நாடுகளைக் கோரும் தீர்மானம் ஒன்றையாவது ஷாங்காயில் நிறைவேற்றுங்கள். தயவுசெய்து இதை அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிவைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.